நட்சத்திரக் குறியை முதலில் படிப்பது யார்?

ஒரு கோப்புறையில் இரண்டே கோப்புகள் இருக்கின்றன: அ.கடிதம், ஆ.கடிதம். இரண்டின் பின்னொட்டையும் ‘நகல்’ என்று மாற்ற வேண்டும். விண்டோஸின் கறுப்புத் திரையில் ரென் கட்டளையைத் தட்டி, அதன் பின்னால் *.கடிதம், *.நகல் என்று இரண்டு சொற்களைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். லினக்ஸில் இதே வேலைக்குப் பழக்கமான எம்வி கட்டளையை எடுத்து, அதே இரண்டு சொற்களைக் கொடுத்துப் பார்க்கலாம். பாஷ் ஷெல்லில் பிழைச் செய்தி வரும், *.நகல் என்ற பெயரில் கோப்புறை எதுவும் இல்லை என்று எம்வி முறையிடும். மேக் கணினிகளில் இப்போது இயல்பாக வரும் இசட்-ஷெல்லில் எம்வி ஓடவே ஓடாது. பொருந்தும் கோப்பு இல்லை என்று ஷெல்லே தடுத்துவிடும். சி-ஷெல்லில்தான் விபரீதம். அங்கே வரி அமைதியாக நிறைவேறும். பிறகு பார்த்தால் கோப்புறையில் ஒரே ஒரு கோப்பு மிச்சம்: ஆ.கடிதம். அதற்குள் இருப்பதோ அ.கடிதத்தின் உள்ளடக்கம். பழைய ஆ.கடிதம் அழிந்துவிட்டது.

தட்டியது ஏறக்குறைய ஒரே வரி. விளைவுகள் நான்கு. நட்சத்திரக் குறிக்கு ‘எதுவாயினும்’ என்று பொருள் என்பதில் நான்கு ஷெல்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் குறியை யார் படிப்பது, எப்போது படிப்பது, பொருத்தம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் அவை பிரிகின்றன.

விண்டோஸில் ஷெல் அந்தக் குறியைத் தொடாமல் அப்படியே ரென் கட்டளையிடம் ஒப்படைக்கிறது. ‘இந்தப் பின்னொட்டு உள்ளவற்றை அந்தப் பின்னொட்டுக்கு மாற்று’ என்ற கருத்து முழுமையாக அதனிடம் போய்ச் சேருகிறது. யூனிக்ஸ் மரபில் அப்படி இல்லை. அங்கே ஷெல் முந்திக்கொண்டு குறியை விரிக்கிறது, *.கடிதம் என்பது அ.கடிதம், ஆ.கடிதம் என்ற இரு பெயர்களாகிவிடுகிறது. எம்வி கட்டளைக்கு நட்சத்திரம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. *.நகல் என்பதற்குப் பொருந்தும் கோப்பு இல்லையென்றால், பாஷ் அதை அப்படியே விட்டுவைக்கும்; இசட்-ஷெல் வரியை நிறுத்தும்; சி-ஷெல், வேறொரு சொல்லுக்காவது பொருத்தம் கிடைத்திருந்தால், பொருந்தாததைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போட்டுவிடும். எம்வி கையில் மிஞ்சுவது இரண்டு கோப்புப் பெயர்கள். முதலாவதை இரண்டாவதன் மேல் நகர்த்து என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சி-ஷெல் ஏதோ மூலையில் கிடந்த ஷெல் அல்ல. பெர்க்லியில் பில் ஜாய் அதை 1970-களின் பிற்பகுதியில் எழுதினார்; அதன் வழித்தோன்றல்தான் மேக் ஓஎஸ் எக்ஸின் முதல் சில பதிப்புகளில் இயல்பு ஷெல்லாக இருந்தது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நிர்வாகிக் கணக்குக்கு 2023 வரை அதுவே இயல்பு. எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கில், பொருந்தாத சொல்லை மறைத்துவிடும் ஷெல்!

*

பயனரின் கட்டளையை வாங்கி இயங்குதளத்திடம் சேர்க்கும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சுக் கணினி அறிஞர் லூயி பூசான். 1960-களின் நடுவில், மல்டிக்ஸ் திட்டத்துக்காக அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸுக்காக எழுதிய முதல் ஷெல் மிகச் சிறியது. நட்சத்திரத்தை விரிக்கும் திறமை அதற்கே கிடையாது. வரியில் *, ?, [ ஆகியவற்றில் ஒன்று தென்பட்டால், அந்த வேலையை குளோப் என்ற தனி நிரலிடம் ஒப்படைத்துவிடும். குளோப் பெயர்களை விரித்து, பிறகு உண்மையான கட்டளையைத் தானே ஓட்டும். எந்தச் சொல்லுக்கும் பொருத்தம் இல்லையென்றால் ‘பொருத்தம் இல்லை’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும், கட்டளை ஓடாது. இப்படிப்பட்ட வைல்ட்கார்டு குறிகளின் விரிவாக்கத்தை நிரலர்கள் இன்றும் ‘குளோபிங்’ என்று சொல்வது அந்தப் பழைய நிரலின் பெயரால்தான்.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீவ் போர்னின் ஷெல் வந்தது. விரிவாக்கம் ஷெல்லுக்குள்ளேயே சேர்ந்தது, அதோடு கொள்கையும் மாறியது: பொருந்தாவிட்டால் குறியை அப்படியே விட்டுவிடு. குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்த பாஷ், போர்னின் வழியைப் பின்பற்றியது. லினக்ஸ் பரவியபோது பாஷும் பரவியது; ஒரு தலைமுறை நிரலர்களுக்கு அந்த நடத்தையே இயற்கை விதிபோல் ஆயிற்று.

ஆகவே 2019-இல் மேக் ஓஎஸ் கேட்டலினா வெளியாகி, இயல்பு ஷெல் இசட்-ஷெல்லாக மாறியபோது பலருக்கும் அது புதுமையான கெடுபிடியாகத் தெரிந்தது. பைத்தான் தொகுதிகளை நிறுவும் பிப் கட்டளையில் கூடுதல் அம்சங்களைச் சதுர அடைப்புக்குள் கொடுப்பது வழக்கம். பாஷில் வருடக்கணக்கில் ஓடிய அந்த வரி, இசட்-ஷெல்லில் ‘பொருத்தம் இல்லை’ என்று நின்றது. கேள்விக்குறி உள்ள இணைய முகவரியைக் கர்ல் கட்டளைக்குக் கொடுத்தாலும் அதே கதை. சதுர அடைப்பும் கேள்விக்குறியும் வைல்ட்கார்டுகள் என்பது பாஷுக்கும் தெரியும். பொருந்தும் கோப்பு இல்லாததால் அது விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. அந்தக் கோப்புறையில் தற்செயலாகப் பொருந்தும் பெயரில் ஒரு கோப்பு இருந்துவிட்டால் பாஷிலும் வரி வேறாகிவிடும். இசட்-ஷெல் செய்தது புதுமை அல்ல. தாம்சன் காலத்துக் கண்டிப்பு, நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. தொந்தரவாக இருந்தாலும் பாதுகாப்பானது அதுதான் என்றே சொல்ல வேண்டும். தவறு நடக்கும்போதே தெரிவிக்கும் ஷெல், தவறைச் சேமித்து வைத்துப் பிறகு காட்டும் ஷெல்லைவிட நல்லது.

இசட்-ஷெல்லின் வேறு சில நடத்தைகளும் மேக் பயனர்களைத் தடுமாற வைத்தன. விளக்கக் குறிப்போடு கூடிய வரிகளை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால், # என்ற பெயரில் கட்டளை எதுவும் இல்லை என்று அது பதில் சொல்லும். நேரடியாகத் தட்டும் வரியில் அது, இயல்பு நிலையில், # குறியைக் குறிப்பின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வரிகளை ஸ்கிரிப்ட் கோப்பில் போட்டு ஓட்டினால் ஏற்றுக்கொள்ளும்.

*

குறிகளிலேயே மிக ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத குறி. இடைவெளி.

யூனிக்ஸ் கோப்புப் பெயரில் இரண்டே இரண்டு எழுத்துகளுக்குத்தான் தடை: ஸ்லாஷ், மதிப்பு சுழியாகிய பைட். மற்ற எதுவும் வரலாம். இடைவெளி வரலாம், புதுவரிக் குறியே வரலாம். ஆனால் ஷெல்லுக்கு இடைவெளி என்பது சொற்களைப் பிரிக்கும் எல்லைக்கல். மேற்கோள் குறிக்குள் வைக்காத மாறியை பாஷ் விரிக்கும்போது, உள்ளிருக்கும் இடைவெளியிலும் வெட்டிவிடும்.

2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸுக்கான ஐட்யூன்ஸ் 2-ஐ வெளியிட்டது. நிறுவும் ஸ்கிரிப்டில் பழைய ஐட்யூன்ஸை நீக்கும் வரி ஒன்று இருந்தது. வட்டின் பெயரைத் தாங்கிய மாறியைச் சுற்றி அதில் மேற்கோள் குறி இல்லை. வட்டுப் பிரிவின் பெயரில் இடைவெளி வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பெயர் இடைவெளியில் இரண்டாக வெட்டுப்பட, நீக்கும் கட்டளை முற்பாதியை வேறொரு முழு வட்டுப் பிரிவின் பெயராக எடுத்துக்கொண்டு, அதில் இருந்ததையெல்லாம் அழித்தது. ஆப்பிள் அவசரமாக அந்தப் பதிப்பை விலக்கி 2.0.1 பதிப்பைக் கொடுத்தது. விட்டுப்போனது இரண்டு மேற்கோள் குறிகள்.

பத்தாண்டு கழித்து, 2011-இல், இதற்கு நேர்மாறான விபத்து. லினக்ஸ் மடிக்கணினிகளில் என்விடியா வரைகலை அட்டைகளைக் கையாள உதவும் பம்பிள்பீ என்ற திறந்தமூலத் திட்டத்தின் நிறுவும் ஸ்கிரிப்டில், ஒரு நீண்ட பாதைப் பெயரின் நடுவே தேவையில்லாத ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஆழத்தில் உள்ள சிறு கோப்புறையைச் சுட்ட வேண்டிய பெயர் இரண்டாகப் பிளந்தது. முதல் துண்டு: /யூஎஸ்ஆர். இயங்குதளத்தின் பெரும்பகுதி நிரல்கள் வாழும் கோப்புறை அது. நீக்கும் கட்டளை அதையே அழித்தது.

மூன்றாவது நிகழ்ச்சியில் இடைவெளிக்குப் பாதுகாப்பு சரியாகவே இருந்தது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் விளையாட்டுச் செயலி லினக்ஸில் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறி, ஒரு ஸ்லாஷ், ஒரு நட்சத்திரம் என்ற வரிசையை நீக்கும் கட்டளைக்குக் கொடுக்கும் ஸ்கிரிப்ட் அது. எழுதியவருக்கே உள்ளூர பயம் இருந்திருக்கிறது, ‘பயமாக இருக்கிறது!’ என்ற பொருளில் ஒரு சொல்லை அதன் பக்கத்தில் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். 2015 ஜனவரியில், ஸ்டீம் கோப்புறையை இடம் மாற்றி வைத்த ஒரு பயனரிடம் அந்த மாறி வெறுமையாகிவிட்டது. வெறுமை, ஸ்லாஷ், நட்சத்திரம். அதாவது கணினியின் வேர்க் கோப்புறையிலிருந்து எல்லாமே. அவர் எழுத உரிமை பெற்றிருந்த கோப்புகள் அனைத்தும் போயின. காப்புப்படிக்காக இணைத்திருந்த வெளி வட்டும் தப்பவில்லை.

இங்கே $ குறியின் நடத்தையைக் கவனிக்க வேண்டும். மதிப்பே வைக்காத மாறியை போர்ன் வழி ஷெல்கள் வெறுமையாக எடுத்துக்கொண்டு மேலே போகும். சி-ஷெல் அப்படி ஒரு மாறி இல்லை என்று நின்றுவிடும். ஸ்டீம் மாறிக்கு வெறுமையே மதிப்பாக ஏறியிருந்ததால் அந்தக் கண்டிப்பும் காப்பாற்றியிருக்காது. போர்ன் மரபிலேயே இதற்கு ஒரு மருந்து உண்டு. மாறியின் பெயரைச் சுருள் அடைப்புக்குள் எழுதி, அதை ஒட்டி :? என்று சேர்த்தால், மதிப்பு வெறுமையாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். இரண்டே எழுத்து.

*

ஒரே குறி எத்தனை வேஷம் போடும் என்பதற்குக் கேரட் நல்ல சான்று. எண் விசைகளின் வரிசையில், ஆறின் மேல் கூரைபோல் கவிந்து நிற்கும் ^ குறி.

1973-இல் டக் மெக்கில்ராயின் நெடுநாள் வற்புறுத்தலால் யூனிக்ஸுக்குள் பைப் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் உள்ளீடாகத் திருப்பும் அந்த வசதிக்கு நேர்கோட்டுக் குறியான | நிலைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் பரவலாக இருந்த டெலிடைப் 33 எந்திரத்தில் சிற்றெழுத்தும் கிடையாது, நேர்கோட்டுக் குறியும் கிடையாது. கேரட்டின் இடத்தில் மேல்நோக்கிய அம்பு இருந்தது. ஆகவே கேரட்டும் பைப்பாகவே பொருள் கொள்ளப்பட்டது. போர்ன் ஷெல்லும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. வரியின் தொடக்கத்தைத் தேட கிரெப் கட்டளைக்குக் கேரட்டைக் கொடுக்கும்போது மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும் என்று பழையவர்கள் சொல்லிக்கொடுத்தது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வைக்காவிட்டால் வரி இரண்டு கட்டளைகளாகப் பிளந்துவிடும். சன் நிறுவனத்தின் சொலாரிஸ் 10 வரைக்கும் பழைய போர்ன் ஷெல் நீடித்தது. டெலிடைப் எந்திரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவற்றுக்காகச் செய்த ஏற்பாடு உயிரோடு இருந்தது.

சி-ஷெல் அதே குறிக்கு வேறு வேலை கொடுத்தது. வரியின் தொடக்கத்தில் கேரட் வந்தால், முந்தைய கட்டளையில் ஒரு சொல்லை மாற்றி மறுபடி ஓட்டு என்று பொருள். பாஷ் இதைச் சுவீகரித்துக்கொண்டது. பிளான் 9 இயங்குதளத்துக்காக டாம் டஃப் எழுதிய ஆர்சி ஷெல்லில் கேரட் இரண்டு சொற்களை ஒட்டும் பசை. ஃபிஷ் ஷெல்லில் பல ஆண்டுகள் அது பிழைச் செய்திகளைத் திசைதிருப்பும் குறியாக இருந்தது. பிறகு அதன் உருவாக்குநர்களே அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். விண்டோஸின் சிஎம்டி ஷெல்லில் அடுத்து வரும் குறியின் சிறப்புப் பொருளை நீக்கும் எஸ்கேப் குறி கேரட்தான்.

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் மென்பொருள் வந்தபோது இந்தச் சரித்திரம் முழுவதும் சேர்ந்து மோதியது. கிட் மொழியில், ஒரு பதிவின் பெயருக்குப் பின் கேரட் வைத்தால் அதன் பெற்றோர்ப் பதிவு. பாஷில் சிக்கல் இல்லை. இசட்-ஷெல்லில் விரிவுபடுத்திய குளோப் வசதியை முடுக்கிவிட்டிருந்தால் கேரட் ‘இது அல்லாதவை’ என்ற வைல்ட்கார்டாகி, பொருத்தம் இல்லை என்று வரி நிற்கும். சிஎம்டியில் வரியின் கடைசியில் நிற்கும் கேரட்டுக்கு ‘வரி இன்னும் முடியவில்லை’ என்று பொருள். இன்னும் இருக்கிறதா என்று கேட்டபடி திரை காத்திருக்கும். இரண்டு கேரட் தட்டினால் ஒன்று கிட்டிடம் போய்ச் சேரும்.

எஸ்கேப் குறி என்றால் பேக்ஸ்லாஷ் என்றுதானே யூனிக்ஸ் பழகியவர்கள் எண்ணுவார்கள்? விண்டோஸுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1981-இல் வந்த டாஸின் முதல் பதிப்பில் கோப்புறைகளே இல்லை. ஸ்லாஷை விருப்பத் தேர்வுகளின் முன்குறியாக அது பயன்படுத்திவிட்டது. 1983-இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, பாதையைப் பிரிக்க ஸ்லாஷ் கைவசம் இல்லை, பேக்ஸ்லாஷை எடுத்தார்கள். ஆகவே எஸ்கேப் வேலைக்கு வேறு குறி தேட வேண்டியதாயிற்று. சிஎம்டி கேரட்டை எடுத்தது. 2006-இல் வந்த பவர்ஷெல், பின்சாய்வு ஒற்றைக் குறியான பேக்டிக்கை எடுத்தது. யூனிக்ஸ் மரபிலோ பேக்டிக்குக்கு நடுவில் வைத்தது இன்னொரு கட்டளை: அதை முதலில் ஓட்டி, விடையை இங்கே வை என்று பொருள். ஒரு ஷெல்லில் குறியை அடக்குவது, மற்றொன்றில் கட்டளையை ஓட்டுகிறது.

*

இணைய நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் அடிவாங்கும் இடம் கர்ல் கட்டளை. சேவைகளின் விளக்கப் பக்கங்களில் மாதிரி வரி ஒன்று இருக்கும்: கர்ல், ஒரு முகவரி, ஒற்றை மேற்கோள் குறிக்குள் சுருள் அடைப்பு, அதற்குள் இரட்டை மேற்கோள் குறிகளோடு ஜேசான் தரவு. பாஷில் அது அப்படியே ஓடும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருப்பதை ஷெல் தொடாது. சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் குறி என்றால் ஒரு சாதாரண எழுத்து. தரவு இடைவெளிகளில் துண்டாகும், உள்ளிருக்கும் இரட்டைக் குறிகள் உதிர்ந்துபோகும். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் 5.1, ஒற்றைக் குறியைப் புரிந்துகொள்ளும்; ஆனால் அங்கே கர்ல் என்ற பெயரே வேறொரு கட்டளைக்கு மாற்றுப்பெயர். உண்மையான கர்லை முழுப் பெயரோடு அழைத்தாலும், அதனிடம் கைமாற்றும்போது உள் இரட்டைக் குறிகள் தொலைந்துவிடும். இது பவர்ஷெல் 7.3-இல்தான் சரியானது. மாணவர் எழுதிய வரியில் பிழை இல்லை. வழியில் இருந்த வாசகர்தான் வேறு.

சிக்கலின் வேர் ஷெல்லுக்கும் கீழே இருக்கிறது. யூனிக்ஸில் ஒரு நிரலைத் தொடங்கும்போது சொற்கள் தனித்தனியாக, வரிசையாகக் கைமாறுகின்றன. வெட்டும் வேலையை ஷெல் முடித்துவிட்டிருக்கும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகக் கைமாறுகிறது. அதைச் சொற்களாக வெட்டுவது அந்தந்த நிரலின் பாடு. பெரும்பாலான நிரல்கள் மைக்ரோசாஃப்டின் சி மொழி நூலகத்தின் விதிகளைப் பின்பற்றுகின்றன. சிஎம்டி பின்பற்றுவது வேறு விதிகளை.

இந்த இரண்டு விதித்தொகுப்புகளின் இடுக்கில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒளிந்திருந்தது 2024 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்தது. விண்டோஸில் ஒரு நிரல், கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த பேட்ச் கோப்பு ஒன்றை ஓட்டச் சொன்னால், இயங்குதளம் சத்தமில்லாமல் சிஎம்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நிரலரோ ஷெல்லை அழைக்கவே இல்லை; சி நூலகத்தின் விதிப்படி குறிகளை அடக்கி அனுப்பியிருக்கிறார். சிஎம்டி அதைத் தன் விதிப்படி படிக்கிறது. வெளியார் கொடுத்த சொல்லுக்குள் சரியான குறிகள் இருந்தால், அது கட்டளையாகவே ஓடிவிடும். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற ரஸ்ட் மொழியும் இதில் சிக்கியது. தீவிரத்துக்கான அளவுகோலில் அந்த ஓட்டை 10-க்கு 10 பெற்றது; ரஸ்டின் 1.77.2 பதிப்பில் திருத்தம் வெளியானது. ரஸ்ட் மட்டும் அல்ல, வேறு பல மொழிகளும் தங்கள் நூலகங்களையோ எச்சரிக்கைகளையோ திருத்தின. ஷெல்லைக் கூப்பிடாதவருக்கும் ஷெல் குறிகள் ஆபத்தாகலாம் என்று அந்த ஓட்டை காட்டியது.

சிஎம்டியை அடக்குவது ஏன் இவ்வளவு கடினம்? ஒரு காரணம் % குறி. இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே வரும் பெயரை அது மாறியாக விரிக்கும்; மேற்கோள் குறிக்குள் வைத்தாலும் விரிக்கும். திரையில் நேரடியாகத் தட்டும்போது ஒற்றைக் குறியோடு எழுத வேண்டிய சுழற்சி மாறியை, பேட்ச் கோப்பில் இரட்டைக் குறியோடு எழுத வேண்டும். ஒரே ஷெல்லுக்குள்ளேயே திரைக்கு ஒரு விதி, கோப்புக்கு ஒரு விதி.

யூனிக்ஸிலும் % குறியால் பட்டவர்கள் ஏராளம். காப்புப்படிக் கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க டேட் கட்டளையை விழுக்காட்டுக் குறிகளோடு எழுதி, டெர்மினலில் சோதித்து, சரியாக ஓடுகிறது என்று உறுதிசெய்துகொண்டு, தினமும் இரவில் ஓட கிரான் அட்டவணையில் போடுவார்கள். காலையில் பார்த்தால் காப்புப்படி இருக்காது. கிரான் அட்டவணையில் % என்பது புதுவரி. ஷெல் கண்ணில் படும் முன்பே கிரான் வரியை அந்த இடத்தில் வெட்டி, மிச்சத்தை உள்ளீடாகத் தள்ளிவிட்டிருக்கும். அங்கே பேக்ஸ்லாஷ் சேர்த்து எழுத வேண்டும்.

இதே ரகத்தில் இன்னொன்று, இன்றைய கன்டெய்னர் உலகில். பாஷில் சுருள் அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு இரண்டு பெயர் கொடுத்தால் இரண்டு கோப்புறைகள் உருவாகும். சி-ஷெல்லில் பிறந்த வசதி இது. கன்டெய்னரை உருவாக்கும் டாக்கர் கோப்பில் அதே வரியை எழுதினால் அதை ஓட்டுவது பாஷ் அல்ல, இயல்பு எஸ்ஹெச் ஷெல். உபுண்டு 2006-இன் 6.10 பதிப்பிலேயே, வேகம் கருதி, அந்த இடத்தில் டாஷ் என்ற சிறிய ஷெல்லை வைத்துவிட்டது. டாஷுக்குச் சுருள் அடைப்பு விரிவாக்கம் தெரியாது. சுருள் அடைப்பும் காற்புள்ளியும் பெயரிலேயே கொண்ட ஒரே ஒரு விநோதக் கோப்புறை உருவாகும். பிழைச் செய்தி வராது என்பதுதான் கொடுமை.

*

குறிகளின் சண்டை எழுத்து முறைகளோடும் பின்னியது. ஜப்பானின் பழைய எழுத்துக் குறியீட்டில் பேக்ஸ்லாஷின் எண்ணில் யென் நாணயக் குறி அமர்ந்திருந்தது. ஆகவே ஜப்பானிய விண்டோஸில் பாதைப் பெயர்கள் யென் குறியால் பிரிபட்டுத் தெரியும். அதைவிடத் தொல்லை ஷிஃப்ட்-ஜிஸ் குறியீடு. அதில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள் வரலாம். இரண்டாவது பைட், பேக்ஸ்லாஷின் அதே எண்ணாக இருக்கலாம். கட்டகானாவின் ‘சோ’ எழுத்து அப்படிப்பட்டது. எழுத்தறியாமல் பைட் பைட்டாகப் படிக்கும் நிரலுக்கு, சாதாரண ஜப்பானியச் சொல்லின் நடுவே எஸ்கேப் குறி ஒன்று முளைத்துவிடும்.

தமிழுக்கு நேர்ந்தது இன்னும் நெருக்கமானது. யூனிகோடு பரவுவதற்கு முன் இலங்கையிலும் தமிழகத்திலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஏராளம். பாமினியில் தமிழ் எழுத்து வடிவங்கள் ஆங்கில விசைகளின் எண்களிலேயே குடியிருந்தன. புள்ளி அமர்ந்த இடம் அரைப்புள்ளியின் இடம். ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் உண்மையில் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்தப் பழைய உரையிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, மேற்கோள் குறி இல்லாமல் பாஷிடம் கொடுத்தால், மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் கட்டளை முடிந்துபோகும். அடுத்த எழுத்திலிருந்து புதிய கட்டளை தொடங்கும். பவர்ஷெல்லிலும் அப்படியே. சிஎம்டியின் பேட்ச் கோப்புக்குக் கொடுத்தால், அரைப்புள்ளியை அது சொற்களுக்கு நடுவிலான இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். புள்ளி இல்லாத தமிழ் வாக்கியம் அபூர்வம். பழைய உரைகளை யூனிகோடுக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள், வரியில் நேரடியாக எழுதும் ஒவ்வொரு பாமினிச் சொல்லையும் மேற்கோள் குறிக்குள் பொதிந்து வைத்தே தீர வேண்டும்.

யூனிகோடு தமிழுக்கு அந்த ஆபத்து இல்லை. அதற்குக் காரணமானவர்களில் முதலானவர், முதல் யூனிக்ஸ் ஷெல்லை எழுதிய அதே கென் தாம்சன். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் ஓர் உணவகத்தில், ராப் பைக் உடனிருக்க, யூடிஎஃப்-8 குறியீட்டை அவர் வகுத்தார். ஆங்கில எழுத்துகளுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் உரிய எண்கள் வேறெந்த எழுத்தின் பைட்டுகளிலும் தோன்றக் கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. புள்ளிக்கு இப்போது மூன்று பைட்டுகள். மூன்றில் எதுவும் அரைப்புள்ளி அல்ல, ஸ்லாஷ் அல்ல, பேக்ஸ்லாஷ் அல்ல.

மிஞ்சியிருப்பது கேள்விக்குறி மட்டும். ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பது ஷெல்லில் அதன் பொருள். ஃபிஷ் தன் 4.0 பதிப்பில், இணைய முகவரிகளோடு மோதுவதைத் தவிர்க்க, அதை இயல்பாகச் சாதாரணக் குறியாக்கிவிட்டது. பாஷிலும் இசட்-ஷெல்லிலும் அது வைல்ட்கார்டாகத் தொடர்கிறது. ஒரு கோப்புக்குத் ‘தமிழ்’ என்று பெயர் வைத்துவிட்டு, மூன்று கேள்விக்குறியிட்டுத் தேடினால் பாஷில் அது அகப்படாது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஷெல் ஐந்தாக எண்ணுகிறது. ஐந்து கேள்விக்குறி போட்டால் கிடைக்கும். மொழி அமைப்பை அணைத்து வெறும் சி அமைப்பில் பாஷை ஓட்டினால், அது பைட்டுகளை எண்ணத் தொடங்கும். அப்போது பதினைந்து கேள்விக்குறிகள் வேண்டும்.